அமெரிக்காவில் நர்சிங் மாஸ்டர்ஸ்: வருமானம் குறைந்தவர்கள் பணத்துக்கு வழி செய்வது எப்படி?

அமெரிக்காவில் ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) வேலையில் இருப்பவர், நோயைக் கண்டறிந்து மருந்து எழுதும் நர்ஸ் பிராக்டிஷனர் ஆக வேண்டுமென்றால் மாஸ்டர்ஸ் அல்லது டாக்டரேட் பட்டம் வேண்டும். 2024 மே மாத அரசுக் கணக்கில் ஆர்.என்.களின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். நர்ஸ் பிராக்டிஷனர், மயக்க மருந்து தரும் நர்ஸ், பிரசவ நர்ஸ் மூவரையும் சேர்த்துப் பார்த்தால் 1,32,050 டாலர். இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் கல்லூரிகள் ஆள் சேர்க்கின்றன. அந்தச் சம்பளம் வந்து சேரும்வரை வாடகையை யார் கட்டுவது என்பது விளம்பரத்தில் வராது.

சேமிப்பு இல்லாமல், வீட்டில் கேட்க ஆளில்லாமல், சம்பளத்தை நம்பியே நாளை ஓட்டுகிறவர்களுக்காக எழுதியது இது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தும். எச்-1பி, எச்-4, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்விக் கடனும் உதவித்தொகையும் கிடையாது. அவர்களுக்குப் பயன்படுவது கல்லூரித் தேர்வும் ஆஸ்பத்திரிப் பணமும் பற்றிய பகுதிகள்தான்.

முதலில், 2026 ஜூலை 1-க்குப் பின் என்ன மாறியது

முன்பு பட்ட மேற்படிப்புக்குப் பணம் போதாவிட்டால் கிராட் பிளஸ் என்ற கடன் இருந்தது. கல்லூரி சொல்லும் மொத்தச் செலவு வரை அதில் வாங்கலாம். 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு அதை மூடிவிட்டது. எஞ்சியிருப்பது டைரக்ட் அன்சப்சிடைஸ்டு கடன் (படிக்கும்போதும் வட்டியை அரசு ஏற்காத மத்தியக் கடன்) மட்டுமே: ஆண்டுக்கு 20,500 டாலர், மேற்படிப்புக் காலம் முழுவதற்கும் சேர்த்து 1 லட்சம் டாலர். மருத்துவம், சட்டம், பல் மருத்துவம் போன்ற 'தொழில்முறைப் பட்டங்களுக்கு' ஆண்டுக்கு 50,000, மொத்தம் 2 லட்சம் வரை உண்டு. 2025 நவம்பரில் கல்வித் துறையின் விதி வகுக்கும் குழு ஒப்புக்கொண்ட பட்டியலில் இறையியல் இருக்கிறது, கைரோபிராக்டிக் (முதுகெலும்பு நீவல் சிகிச்சை) இருக்கிறது, நர்சிங் இல்லை. நர்சிங் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன, மாற்றச் சொல்லி மனுக்களும் போயின. பட்டியல் மாறும் என்று நம்பிக் கல்லூரியில் சேராதீர்கள். 20,500 என்றே வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடுதலாக வந்தால் லாபம்.

2026 ஜூலைக்கு முன்பே இதே படிப்பில் சேர்ந்து மத்தியக் கடனும் வாங்கியவர்களுக்குப் பழைய வரம்பு சில காலம் தொடரும். மூன்று ஆண்டு, அல்லது படிப்பில் மீதமுள்ள காலம், இரண்டில் எது குறைவோ அதுவரை. நடுவில் கல்லூரியோ படிப்போ மாற்றினால் இந்தச் சலுகை கைநழுவிப் போகலாம். மாற்றுவதற்கு முன் நிதி உதவி அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள்.

அதிகம் பேசப்படாத இன்னொரு விதிதான் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் நர்ஸ்களை நேரடியாகக் குத்துகிறது. முழுநேரமாகப் படிக்காவிட்டால் அந்த 20,500-ம் விகிதப்படி குறையும். முழுநேரம் என்று கல்லூரி வைத்திருக்கும் கிரெடிட்டில் (பாட அலகில்) மூன்றில் இரண்டு பங்குதான் எடுக்கிறீர்கள் என்றால், கிடைப்பது சுமார் 13,670. "பார்ட் டைமாகப் படித்தால் கடனில் சமாளிக்கலாம்" என்ற பழைய ஆலோசனை இனி அப்படியே செல்லாது.

மொத்தச் செலவைக் கண்டுபிடிக்கும் வேலை

கல்லூரி இணையப் பக்கத்தில் கிரெடிட்டுக்கு இவ்வளவு என்று ஒரு எண் இருக்கும். அதைக் கிரெடிட் எண்ணிக்கையால் பெருக்கி நிம்மதியாகிவிடுவதுதான் முதல் தவறு. அந்த எண்ணுக்கு வெளியே நிற்பவை: செமஸ்டர் கட்டணம், தொழில்நுட்பக் கட்டணம், கிளினிக்கல் கட்டணம், பின்னணிச் சோதனை, தடுப்பூசிச் சான்றுகள், போதைப்பொருள் பரிசோதனை, மாணவர் காப்பீடு, ஆன்லைன் தேர்வுக் கண்காணிப்பு, கேம்பஸுக்குப் போய்வரும் நாட்களின் பயணமும் தங்குமிடமும், கடைசியில் போர்டு தேர்வும் (தகுதிச் சான்றுத் தேர்வு) உரிமமும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை கிளினிக்கல் நேரம். நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கான 2022 தேசியத் தரவிதிகள் குறைந்தது 750 மணி நேரம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி கேட்கின்றன. 12 மணி ஷிஃப்டில் கணக்கிட்டால் 62 ஷிஃப்டுக்கு மேல். அத்தனையும் சம்பளமில்லாத நேரம். உங்கள் ஒரு ஷிஃப்டின் கைச் சம்பளத்தை 62-ஆல் பெருக்கிப் பாருங்கள். பலருக்கு அந்தத் தொகை ட்யூஷனோடு போட்டி போடும். அதையும் செலவுப் பட்டியலில் எழுத வேண்டும்.

அந்தப் பயிற்சியைத் தரும் பிரிசெப்டரை யார் தேடுவது என்பது அடுத்த கேள்வி. சில கல்லூரிகள் தாங்களே இடம் ஒதுக்குகின்றன. சில "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிடும். கிடைக்காதவர்கள் தரகு நிறுவனங்களுக்குப் பணம் கட்டிப் பிரிசெப்டர் பிடிக்கிறார்கள். அதுவும் நடக்காவிட்டால் ஒரு செமஸ்டர் தள்ளிப் போகும். தள்ளிப்போன செமஸ்டருக்கும் சில இடங்களில் தொடர் பதிவுக் கட்டணம் உண்டு. சேர்வதற்கு முன் கேட்க வேண்டியது: "இடம் கிடைக்காமல் போனால் கல்லூரி என்ன செய்யும், அது கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது?" பக்கம் காட்ட முடியாத பதிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல்

அங்கீகாரம் முதலில். நர்சிங் படிப்புக்கு சிசிஎன்இ, ஏசிஇஎன், என்எல்என் சிஎன்இஏ ஆகிய மூன்று அமைப்புகளில் ஒன்றின் அங்கீகாரம் இருக்க வேண்டும். மயக்க மருந்துப் படிப்புக்குத் தனி அமைப்பு, சிஓஏ. இது இல்லாத படிப்பில் சேர்ந்தால் போர்டு தேர்வு எழுத முடியாமல் போகும், கீழே சொல்லும் சேவை உதவித்தொகைகளும் கிடைக்காது. ஆன்லைன் படிப்பாக இருந்தால், நீங்கள் வசிக்கும் மாநிலத்தில் அந்தக் கல்லூரி கிளினிக்கல் நடத்த அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாநிலத்துக்குக் குடிபெயரும் எண்ணம் இருந்தால் அந்த மாநிலத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

விலைக்கு, சொந்த மாநில அரசுப் பல்கலைக்கழகம்தான் பெரும்பாலும் முதல் இடம். மேற்கு மாநிலங்களில் இருப்பவர்கள் வெஸ்டர்ன் ரீஜனல் கிராஜுவேட் புரோகிராமில் உள்ள படிப்புகளைப் பார்க்கலாம். பக்கத்து மாநிலத்தில் படித்தாலும் வெளிமாநிலத்தவருக்கான முழுக் கட்டணம் இல்லை, குறைந்த கட்டணம்தான். வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம் வாங்குகிறது, அதற்குள் எத்தனை பாடம் முடித்தாலும் கூடுதல் இல்லை. வேகமாக முடிக்கிறவருக்கு அது மலிவு. ஷிஃப்டும் குழந்தைகளுமாகத் திணறுகிறவருக்கு அதே கட்டணம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து நிற்கும் பில்.

மயக்க மருந்துப் படிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் அதில் சேர்கிற எல்லோரும் டாக்டரேட்டில்தான் சேர முடியும். குறைந்தது 36 மாதம், முழுநேரம், கூடவே வேலை பார்ப்பது நடைமுறையில் முடியாத காரியம். மூன்று ஆண்டுக்கு மத்தியக் கடன் 61,500 டாலர். பல படிப்புகளின் ட்யூஷன் மட்டுமே அதைத் தாண்டும், மூன்று ஆண்டு சாப்பாடும் வாடகையும் வேறு. கையில் பணமோ ஆஸ்பத்திரியின் ஒப்பந்தமோ இல்லாமல் இதில் இறங்குவது தனியார் கடனில் போய்தான் முடியும்.

தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து இங்கு வந்தவர்களுக்கு ஒரு கூடுதல் படி: மதிப்பெண் பட்டியலைப் பாடவாரியாக மதிப்பிடச் சொல்லி டபிள்யூஇஎஸ் போன்ற அமைப்புக்கு அனுப்ப வேண்டியிருக்கும். கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் போய்ச் சேர நேரம் பிடிக்கும். விண்ணப்பக் கடைசித் தேதிக்குப் பல மாதம் முன்பே தொடங்குங்கள். ஜி.என்.எம். டிப்ளமா மட்டும் இருந்தால் அது இங்கு இளங்கலைப் பட்டமாகக் கணக்கில் வராது. அவர்கள் ஆர்.என்.-டு-மாஸ்டர்ஸ் பிரிட்ஜ் படிப்பைத் தேட வேண்டும்.

ஃபாஃப்சா: 'எனக்கு எதுவும் கிடைக்காது' என்று விடாதீர்கள்

பெல் கிராண்ட் என்ற, திருப்பித் தர வேண்டாத அரசு உதவித்தொகை இளங்கலைக்குத்தான். வட்டியை அரசு ஏற்கும் கடன் மேற்படிப்புக்கு 2012-லேயே நின்றுவிட்டது. அதனால் பலர் ஃபாஃப்சா என்ற மத்திய நிதி உதவிப் படிவத்தையே நிரப்புவதில்லை. ஆனால் மத்தியக் கடன், வொர்க் ஸ்டடி (நிதி உதவியாகத் தரும் பகுதிநேர வேலை), கல்லூரியின் சொந்த உதவித்தொகை, அரசின் சேவை உதவித்தொகை எல்லாவற்றுக்கும் கதவு அதுதான். படிவம் வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும். மேற்படிப்பு மாணவர் என்றாலே சுதந்திர மாணவர். பெற்றோர் வருமானம் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவம் சார்ந்த சில உதவித்தொகைகளுக்குப் பெற்றோர் விவரத்தையும் கல்லூரி கேட்கலாம். பின்தங்கிய பின்னணி உள்ளவர்களுக்கு அந்த வரிசையில்தான் பணம் இருக்கும், கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

படிவம் பார்ப்பது பழைய வருமானத்தை. 2026-27 கல்வி ஆண்டுக்கு 2024 வருமானம். அந்த ஆண்டு ஓவர்டைம் பார்த்து நன்றாகச் சம்பாதித்திருப்பீர்கள். இப்போது படிப்புக்காக வேலையைப் பாதியாகக் குறைத்திருப்பீர்கள். படிவத்துக்கு அது தெரியாது. நிதி உதவி அலுவலகத்தில் "புரொஃபஷனல் ஜட்ஜ்மென்ட்" என்ற மறுபரிசீலனையைக் கேளுங்கள். வேலை நேரம் குறைந்ததற்கு மேலாளர் கடிதம், சமீபத்திய சம்பளச் சீட்டு, ஆண்டு முழுவதற்குமான உத்தேச வருமானம் மூன்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். குழந்தைக் காப்பகச் செலவு இருந்தால் மொத்தச் செலவுக் கணக்கில் அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். கேட்காமல் சேர்க்க மாட்டார்கள். அதனால் 20,500 வரம்பு உயராது. ஆனால் வெளி உதவித்தொகை வரும்போது "செலவைவிட அதிகம் வந்துவிட்டது" என்று கடனையோ கிராண்டையோ வெட்டுவது குறையும்.

ஆஸ்பத்திரிப் பணம்: இங்கேதான் கணக்கு மாறும்

முதலாளி தரும் கல்விப் பணத்தில் ஆண்டுக்கு 5,250 டாலர் வரை வருமான வரி கிடையாது. 'ஆண்டு' என்றால் ஜனவரி முதல் டிசம்பர் வரை. படிப்பை எந்த மாதத்தில் தொடங்கி எந்த மாதத்தில் முடிக்கிறோம் என்பதை வைத்தே சில ஆயிரம் டாலர் கூடும், குறையும்.

ஒரு கணக்குப் பாருங்கள். 45 கிரெடிட், கிரெடிட்டுக்கு 600 டாலர், ட்யூஷன் 27,000. மற்றக் கட்டணங்கள் எல்லாம் சேர்த்து 3,000. ஆகஸ்டில் தொடங்கி ஆண்டுக்கு 15 கிரெடிட்: இலையுதிர் செமஸ்டரில் 6, வசந்தத்தில் 6, கோடையில் 3. மூன்று ஆண்டில் முடியும், ஆனால் நான்கு காலண்டர் ஆண்டுகளைத் தொடும். முதல் ஆண்டு 6 கிரெடிட்டுக்கு 3,600 முழுதும் ஆஸ்பத்திரி தரும். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் 9,000 பில்லுக்கு 5,250 வீதம். நான்காம் ஆண்டில் 9 கிரெடிட்டுக்கு 5,400, அதில் 5,250. கூட்டினால் 19,350. கையிலிருந்து போவது 10,650, மூன்று ஆண்டுகளில். நடுவிலுள்ள இரண்டு ஆண்டுகளிலும் மிஞ்சும் 3,750-க்கு லைஃப்டைம் லேர்னிங் கிரெடிட் என்ற வரிச் சலுகையில் 20 விழுக்காடு, அதாவது 750 டாலர், கட்ட வேண்டிய வரியில் குறையும். தனியாள் வருமானம் 80,000 தாண்டினால் இந்தச் சலுகை தேயத் தொடங்கி 90,000-ல் நின்றுவிடும். ஆஸ்பத்திரி கொடுத்த டாலருக்கு இதைக் கேட்கவும் முடியாது.

இதே 45 கிரெடிட்டைக் கிரெடிட்டுக்கு 1,300 வாங்கும் தனியார் கல்லூரியில் வேலையை விட்டு இரண்டே ஆண்டில் முடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ட்யூஷன் மட்டும் 58,500. மத்தியக் கடன் 41,000. வாடகைக்கு ஒரு டாலர்கூடச் சேர்க்காமலே 17,500 பள்ளம்.

இனி இதில் சறுக்கும் இடங்கள். பல ஆஸ்பத்திரிகள் 5,250-ஐவிடக் குறைவாகவே தருகின்றன. மதிப்பெண் வந்த பிறகு திருப்பிக் கொடுப்பதுதான் அதிகம். அப்படியானால் முதல் செமஸ்டருக்கு உங்கள் கைப்பணம் வேண்டும். ஆகஸ்டில் கட்டிய பணம் ஜனவரியில் திரும்பி வந்தால் அது அடுத்த ஆண்டின் 5,250-ல் போய் விழும். மேலே போட்ட கணக்கில் முதல் ஆண்டு வீணாகும். டிசம்பருக்குள் பணம் வர என்ன தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். சில இடங்களில் கல்லூரிக்கே நேரடியாகக் கட்டும் ஏற்பாடு உண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். 'பி' கிரேடுக்குக் கீழே போனால் பணமில்லை என்ற நிபந்தனையும் இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வரை குறைத்தால் இந்தச் சலுகையும் மருத்துவக் காப்பீடும் நீடிக்கும் என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடுங்கள். பர் டியம் (தேவைப்படும் நாளுக்கு மட்டும் அழைக்கும்) வேலைக்கு மாறியவுடன் இரண்டும் போய்விடுவது வழக்கம்.

கடைசியாக, ஒப்பந்தம். பணம் வாங்கினால் இத்தனை ஆண்டு இங்கேயே வேலை செய்ய வேண்டும், விட்டுப் போனால் திருப்பிக் கட்ட வேண்டும் என்று இருக்கும். உங்களை அவர்களே வேலையிலிருந்து எடுத்தால் என்ன, பட்டம் வாங்கிய பின் அங்கே நர்ஸ் பிராக்டிஷனர் இடமே காலியில்லாமல் ஆர்.என்.-ஆகத் தொடர நேர்ந்தால் அது கணக்கில் வருமா என்ற இரண்டுக்கும் பதில் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

அரசுத் துறையில் இதன் இணை, முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்யும் ஆர்.என்.களுக்கான நேஷனல் நர்சிங் எஜுகேஷன் இனிஷியேட்டிவ். அங்கே வேலை கிடைக்கும் வாய்ப்பிருந்தால் படிப்புக்கு முன்பே போய்ச் சேர்வது நல்ல திட்டம்.

வேலை செய்து தீர்க்கும் உதவித்தொகைகள்

ஹர்சா என்ற மத்திய சுகாதார நிறுவனம் நடத்தும் நர்ஸ் கோர் ஸ்காலர்ஷிப்பில் ட்யூஷன், கட்டணங்கள், மாதந்தோறும் ஒரு தொகை மூன்றும் உண்டு. பதிலுக்கு நர்ஸ் தட்டுப்பாடு உள்ள இடமாக அரசு குறித்த ஆஸ்பத்திரியிலோ கிளினிக்கிலோ குறைந்தது இரண்டு ஆண்டு வேலை. கிரீன் கார்டு உள்ளவர்களும் விண்ணப்பிக்கலாம். ஃபாஃப்சாவில் பணத்தேவை அதிகம் என்று தெரிபவர்களுக்கு முன்னுரிமை. மேலே சொன்ன மறுபரிசீலனையை விண்ணப்பத்துக்கு முன்பே முடிக்க வேண்டியதற்கு இது ஒரு காரணம். இந்த உதவித்தொகைக்கு வரி உண்டு. சேவையை முடிக்காமல் விட்டால் வாங்கியதை வட்டியோடு திருப்ப வேண்டும்.

இதில் ஒரு கண்ணி. வேறொருவருக்கு ஏற்கெனவே சேவைக் கடமைப்பட்டிருந்தால் இந்த உதவித்தொகைக்குத் தகுதி போய்விடும். ஆஸ்பத்திரி ஒப்பந்தத்தில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வசந்தத்தில் இதற்கு விண்ணப்பிக்க வந்தால், கதவு சாத்தியிருக்கும். எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள். எங்கள் கருத்தில், வேலையை விடவே முடியாதவருக்கு ஆஸ்பத்திரிப் பணம். முழுநேரமாகப் படிக்கத் துணிந்து எந்த ஊருக்கும் போகத் தயாராக இருப்பவருக்கு நர்ஸ் கோர்.

நேஷனல் ஹெல்த் சர்வீஸ் கோர் உதவித்தொகையும் நர்ஸ் பிராக்டிஷனர், பிரசவ நர்ஸ் படிப்புகளுக்கு உண்டு, ஆனால் குடிமக்களுக்கு மட்டும். ஆசிரியராகப் போக நினைப்பவர்கள் நர்ஸ் ஃபேகல்டி லோன் புரோகிராம் உள்ள கல்லூரியா என்று கேட்கலாம்: படித்து முடித்து நான்கு ஆண்டு முழுநேரம் கற்பித்தால் கடனில் 85 விழுக்காடு தள்ளுபடி. கல்லூரிக்கு அந்த ஆண்டு மத்திய நிதி வந்திருந்தால்தான் இது கிடைக்கும்.

கடன் வாங்கும்போதே திருப்பிக் கட்டும் வழி

2026 ஜூலை 1-க்குப் பின் வாங்கும் மத்தியக் கடனுக்கு இரண்டே வழிகள். ஒன்று, தொகையைப் பொறுத்து 10 முதல் 25 ஆண்டு வரை நிலையான தவணை. மற்றது ஆர்ஏபி என்ற வருமானம் சார்ந்த தவணை: ஆண்டு வருமானத்தில் 1 முதல் 10 விழுக்காடு, மாதம் குறைந்தது 10 டாலர், சார்ந்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 50 டாலர் கழிவு, 30 ஆண்டுக்குப் பின் மீதி தள்ளுபடி. 1,20,000 டாலர் வருமானமும் இரண்டு குழந்தைகளும் உள்ளவருக்கு மாதம் 900.

30 ஆண்டு என்பதைப் பார்த்து மலைக்க வேண்டாம். அமெரிக்காவில் பெருமளவு ஆஸ்பத்திரிகள் லாபநோக்கற்றவை. அரசு அல்லது 501(சி)(3) என்ற வரிவிலக்குப் பிரிவில் வரும் லாபநோக்கற்ற நிறுவனத்தில் வாரம் 30 மணிக்குக் குறையாமல் வேலை செய்து 120 தவணை கட்டினால், பொதுச் சேவைத் திட்டத்தில் மீதிக் கடன் போய்விடும். இதை நோக்கிப் போகிறவர் ஆர்ஏபி எடுக்க வேண்டும், முதலாளிச் சான்றுப் படிவத்தை ஆண்டுக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். பத்தாம் ஆண்டில் ஒன்றாக அனுப்பலாம் என்று விட்டவர்கள், மூடிப்போன கிளினிக்கில் கையெழுத்து வாங்க அலைகிறார்கள். சம்பளம் தருவது ஆஸ்பத்திரியா, அதற்கு ஆள் அனுப்பும் லாபநோக்குள்ள நிறுவனமா என்றும் பாருங்கள். சம்பளச் சீட்டில் உள்ள பெயர்தான் எடுபடும்.

தட்டுப்பாடு உள்ள இடத்தில் வேலை செய்ய முடிந்தால் நர்ஸ் கோர் கடன் அடைப்புத் திட்டம் இன்னும் வேகம்: இரண்டு ஆண்டில் நர்சிங் கல்விக் கடனில் 60 விழுக்காடு, மூன்றாம் ஆண்டு இருந்தால் இன்னும் 25. தொகைக்கு வரி உண்டு. பல மாநிலங்களும் இதுபோலத் தனியாக வைத்திருக்கின்றன. மாநிலச் சுகாதாரத் துறையில் விசாரியுங்கள்.

தனியார் கடன் கடைசி வழி. அதற்குப் பொதுச் சேவைத் தள்ளுபடியும் ஆர்ஏபியும் கிடையாது, ஜாமீன்தாரர் கேட்பார்கள். அதை எடுத்தே தீர வேண்டிய நிலை வந்தால் முதலில் ஒரு செமஸ்டர் தள்ளிப்போட்டுப் பாருங்கள், அல்லது மலிவான கல்லூரிக்கு மீண்டும் விண்ணப்பியுங்கள்.

படிக்கும் காலத்துச் சாப்பாடு

பாதி நேரத்துக்குக் குறையாமல் படிக்கும் மாணவருக்கு ஸ்னாப் உணவு உதவி பொதுவாக மறுக்கப்படும். ஆனால் வாரம் 20 மணி வேலை, வொர்க் ஸ்டடி, 6 வயதுக்குட்பட்ட குழந்தையைப் பராமரிப்பது, இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் வருமானத் தகுதியைப் பார்த்துக் கிடைக்கும். "மாணவர்" என்று சொன்னதும் கவுன்டரில் திருப்பி அனுப்பினால், எந்த விலக்கு உங்களுக்குப் பொருந்துகிறதோ அதன் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நடுவில் நிறுத்த நேர்ந்தால்

உடம்புக்கு முடியாமலோ குழந்தைக்காகவோ செமஸ்டர் நடுவில் விலக நேரலாம். 60 விழுக்காடு நாள் கடப்பதற்கு முன் விலகினால், மத்தியக் கடனில் 'சம்பாதிக்காத' பகுதி திருப்பி அனுப்பப்படும். கல்லூரி தன் ட்யூஷனை விடாது. அந்தப் பில் உங்கள் பெயரில் விழும், கட்டும்வரை பல இடங்களில் அடுத்த பதிவு கிடையாது. 15 வார செமஸ்டரில் அந்த 60 விழுக்காடு ஒன்பதாம் வாரத்தில் வருகிறது. எட்டாம் வாரத்தில் முடிவெடுக்கிற நிலை என்றால், இன்னும் சில நாள் வகுப்பில் இருந்துவிட்டு விலக முடியுமா, அல்லது 'இன்கம்ப்ளீட்' வாங்கி அடுத்த செமஸ்டரில் முடிக்க முடியுமா என்று பேராசிரியரிடமும் நிதி உதவி அலுவலகத்திலும் ஒரே நாளில் கேளுங்கள். ஆஸ்பத்திரிப் பணத்தில் படிப்பவர் மனிதவளப் பிரிவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 'டபிள்யூ' (நடுவில் விலகியதற்கான குறி) விழுந்த பாடத்துக்குப் பொதுவாகப் பணம் வராது.